விடுமுறை யாருக்கு?

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, ஒருவர் சட்டையில் ஒருவர் மையைத் தெளித்துக்கொண்டு அவர்கள் வாசலைத் தாண்டும்போது எழும் கூச்சல் இருக்கிறதே, அது ஒரு ராஜ்யம் விடுதலையடைந்த கோஷத்துக்குக் குறைந்ததல்ல. உபாத்தியாயர்களாகிய நாம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நிற்கிறோம். உள்ளுக்குள் அந்தக் கூச்சலில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

ஆனால் அந்தக் கோஷமெல்லாம் வீட்டு வாசல் வரையில்தான். அங்கே ஒரு மகாநாடு கூடிக் காத்திருக்கிறது. "அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, இப்பொழுதே ஸ்பெஷல் கிளாஸில் சேர்த்துவிட வேண்டியதுதான்" என்கிறார் தகப்பனார். "பத்து மாசமா குழந்தை எலும்பாத் தேய்ஞ்சு போயிருக்கு, நன்னாத் தூங்கட்டும் விடுடா" என்கிறாள் பாட்டி. "நாலு காசு சம்பாதித்துப் பார்த்தால்தான் பணத்தின் அருமை தெரியும், என் சிநேகிதர் கடையில் கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்கிறார் மாமா. பிள்ளையாண்டான் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. தாயார் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கு அடுப்பங்கரையில் வேலை இருக்கிறது.

பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் உழைக்க வேண்டுமா, ஓய்ந்திருக்க வேண்டுமா? வருஷந்தோறும் பெற்றோர் நம்மிடம் வந்து இதற்குத் தீர்ப்புக் கேட்கிறார்கள். இருபது வருஷ காலம் வகுப்பில் நின்ற அனுபவத்தைக் கொண்டு நமக்குத் தோன்றுவதைச் சொல்ல முற்படுகிறோம். நாம் செய்த தவறு ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது.

ஓய்வின் நியாயம்

முதலில் பாட்டியின் கட்சியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் கோடை என்பது இயற்கையே விதித்த விடுமுறை. மே மாத ஆரம்பத்தில் தொடங்கும் கத்திரி வெயிலில் காக்கை குருவிகூட நிழலைத் தேடுகிறது. தஞ்சை ஜில்லாவில் தை, மாசியோடு நெல் அறுவடை தீர்ந்து, உளுந்தும் பயறும் எடுத்தானபின், வயல்கள் வெடித்துக் கிடக்கும். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் ஜூன் 12-ம் தேதி அணை திறப்பது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. அந்தத் தண்ணீர் வரும்வரையில் குடியானவனுக்கும் அவன் மாட்டுக்கும் மூச்சுவிட நேரம் உண்டு. அதனால்தான் தேர், திருவிழா, கல்யாணம் எல்லாம் சித்திரை, வைகாசியில் வந்து குவிகின்றன. ஊரே ஓய்ந்திருக்கும் காலத்தில் பிள்ளைகள் மட்டும் ஓயக்கூடாது என்பது நியாயமாகாது.

வைத்திய சாஸ்திரமும் பாட்டியின் பக்கமே இருக்கிறது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையில் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று நித்திரையைப் பற்றி ஆராய்ந்த டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தப் பிராயத்தில் உடம்பின் கடிகாரமே சற்றுப் பின்தங்கி ஓடுகிறது. இரவில் தூக்கம் தாமதமாக வருகிறது, காலையில் கண் திறக்க மறுக்கிறது. இதைச் சோம்பல் என்று வைவது அறியாமை. நம் வகுப்பில் பரீட்சைக் காலத்தில் ஐந்து மணித் தூக்கத்தோடு வந்து உட்காரும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். விடுமுறையின் முதல் பத்து நாள் அந்தக் கடன் தீரத் தூங்கினால் தூங்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

தகப்பனார் சொல்லும் ஸ்பெஷல் கிளாஸ் விஷயத்தில் நமக்குச் சிறிதும் தயவில்லை. அது உழைப்புமல்ல, ஓய்வுமல்ல. பத்து மாதம் பார்த்த கரும்பலகையையே பதினோராம் மாதமும் பார்ப்பதுதான். கோடையில் வகுப்பு நடத்த வேண்டாமென்று கல்வி இலாகா பலமுறை அறிவித்திருந்தும் ஆசை விடுவதில்லை. ஆர். கே. நாராயண் 1935-ல் வெளிவந்த தமது முதல் நாவலில், விடுமுறையில் மகனை உட்கார்த்தி மாம்பழக் கணக்குப் போடச் சொல்லும் தகப்பனார் ஒருவரைப் படைத்தார். அந்தப் பழம் பழுத்ததா, காயா என்ற யோசனையில் ஆழ்ந்துவிடுகிறான் பையன். அந்தத் தகப்பனார் இன்னும் நம் வீடுகளில் சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார். பையன்தான் பாவம், மாம்பழத்தை நேரில் பார்ப்பதே குறைந்துபோயிற்று.

ஓய்வு எது என்பதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் செல்போனோடு கிடப்பவன் ஓய்வெடுக்கவில்லை. அந்தக் கருவிக்குச் சம்பளமில்லாமல் ஊழியம் செய்கிறான். கிணற்றில் குதிப்பதும், நுங்கு வண்டி ஓட்டுவதும், ஒன்றும் செய்யாமல் திண்ணையில் மல்லாந்து கிடந்து உத்தரத்து விட்டத்தை எண்ணுவதும் ஓய்வு. அதற்கு மனம் தானே ஓடி விளையாட இடம் வேண்டும்.

உழைப்பின் மகிமை

இனி மாமாவின் கட்சி. கையால் வேலை செய்து அறியாத படிப்பு அரைப் படிப்பு என்பது நம் தேசத்துக்குப் புதிதான கருத்தல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் மகாத்மா காந்தி தலைமை வகித்த கல்வி மகாநாட்டில், தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து, ஏழு வருஷம் இலவசமாகக் கட்டாயக் கல்வி அளிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஒரு கமிட்டி அதற்குத் திட்டம் வகுத்தது. நூற்பவன் மகனுக்கு மட்டுமல்ல, வக்கீல் மகனுக்கும் தக்ளியைக் கொடுக்கவேண்டும் என்பதே அதன் சாரம். காசு சம்பாதிக்கும் அம்சம் ஓங்கி, கல்வியின் அம்சம் தேய்ந்துவிடக் கூடாதென்று அந்தக் கமிட்டியே எச்சரிக்கையும் செய்தது. இந்த எச்சரிக்கையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

உழைப்பால் உயர்ந்தவர்களுக்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. 1931-ல் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் சிறு பையனாக இருந்தபோது இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. ராமேசுவரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பது நின்றுபோயிற்று. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசினார்கள். அவற்றைப் பிடித்து ஊரில் விநியோகிக்க அவருடைய உறவினர் ஒருவருக்கு ஒத்தாசை செய்து கலாம் தம் முதல் சம்பாத்தியத்தைப் பெற்றார். பல வருஷங்களுக்குப் பின்பும் அந்தப் பெருமை தம் மனத்தில் பொங்குவதாக அவர் தம் சுயசரிதையில் எழுதினார். சொந்தக் கையால் ஈட்டிய முதல் காசுக்கு உள்ள பெருமை அத்தகையது.

இதையெல்லாம் நாம் வகுப்பில் எத்தனையோ தடவை உற்சாகமாகப் பிரசங்கம் செய்திருக்கிறோம். அந்த உற்சாகத்தில்தான் அந்தத் தவறைச் செய்தோம்.

நாம் செய்த சிபாரிசு

ஏழெட்டு வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். கொத்தனாரிடம் கையாளாக இருந்த அவன் தகப்பனார் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். பரீட்சை முடிந்த மறுநாள் பையன் நம் வீட்டுக்கு வந்தான். "ஸார், லீவுல ஏதாவது வேலை கிடைக்குமா?" என்று கேட்டான். நமக்குப் பெருமை பொங்கியது. நமக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடை முதலாளியிடம் அன்றைக்கே அழைத்துப் போனோம். "நல்ல பையன், பொறுப்பானவன்" என்று சிபாரிசு செய்தோம். முதலாளியும் மறுப்புச் சொல்லவில்லை. முகூர்த்த நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன; சீர்வரிசைப் பாத்திரங்களைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது.

எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும், சம்பளம் யார் கையில், எந்தத் தேதியோடு நிறுத்திக்கொள்வது? இந்த நாலு கேள்விகளையும் நாம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. பையனுக்கு உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு, குடும்பத்துடன் மாமனார் ஊருக்குப் போய்விட்டோம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பத்தாம் வகுப்புப் பட்டியலைக் கூப்பிட்டோம். அவன் பெயருக்கு மட்டும் "உள்ளேன் ஐயா" வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கடைக்குப் போனோம். பையன் ஒரு எவர்சில்வர் அண்டாவைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்தில் அவனுடைய தோள் அகன்றுவிட்டதுபோல் இருந்தது.

"ஏண்டா தம்பி, நாளையிலிருந்து வருகிறாயா?" என்று கேட்டோம்.

அவன் அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா காலுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டோம் ஸார். அது கழியணும்" என்றான்.

இருபதினாயிரம் ரூபாய். வைத்தியச் செலவுக்கு முதலாளி முன்பணமாகக் கொடுத்திருந்தார். காலையில் ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தால், வீடு திரும்ப இரவு பத்து ஆகும் என்றும், ஞாயிற்றுக்கிழமையில்தான் கூட்டம் அதிகம் என்றும் தெரிந்தது. முதலாளியை நாம் கொடியவர் என்று சொல்லமாட்டோம். கஷ்டகாலத்தில் பணம் கொடுத்தவர் அவர்தான், நாம் அல்ல. ஆனால் அந்தப் பணம் ஒரு பையனுடைய ஜூன் மாதத்தை விலைக்கு வாங்கிவிட்டது. தலைமையாசிரியரிடம் சொன்னோம், தகப்பனாரைப் போய்ப் பார்த்தோம், நம் கையிலிருந்து கொஞ்சம் கொடுக்கவும் முன்வந்தோம். எல்லாம் காலங்கடந்த முயற்சிகள். கடன் கழிவதற்குள் தங்கைக்கு ஒரு செலவு, அப்புறம் வீட்டு வாடகை. அடுத்த ஜூனும் அவன் வரவில்லை.

இன்று அவன் அதே கடையில் தேர்ந்த விற்பனையாளன். நாம் போனால் நாற்காலி போடுகிறான். போன தீபாவளிக்கு ஒரு குக்கர் வாங்கினோம். "ஸாருக்கு விலை குறைச்சுப் போடுங்க" என்று கல்லாப்பெட்டிக்குக் குரல் கொடுத்தான். ரசீதின் பின்புறத்தில் கூட்டல் கழித்தலை அவன் மனத்திலேயே போட்டு எழுதிய வேகத்தைப் பார்த்தபோது நமக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

திறந்த கதவும் அடைத்த கதவும்

அன்றுமுதல் நாம் இந்தக் கேள்வியை வேறுவிதமாகக் கேட்கக் கற்றுக்கொண்டோம். வேலை நல்லதா, கெட்டதா என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. அந்த வேலையை ஜூன் மாதத்தில் பிள்ளை கீழே வைக்க முடியுமா என்பதே கேள்வி. கீழே வைக்க முடிந்தால் அது கல்வி. முடியாவிட்டால் அது தளை.

கலாம் ரயிலடியில் பத்திரிகைக் கட்டைப் பிடித்தார், பள்ளிக்கும் போனார். வேறொரு பையனை எண்ணிப் பாருங்கள். 1903-ல் விருதுநகரில் பிறந்த காமராஜ், தகப்பனாரை இளமையிலேயே இழந்து, பள்ளிப் படிப்பை நடுவில் விட்டு, மாமாவின் துணிக்கடையில் நின்றார். அவர் பெரிய தலைவரானார் என்பதைக் காட்டி, "பார், கடையில் நின்றவர் நாட்டையே ஆளவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் நாட்டை ஆள வந்தபோது அவர் என்ன செய்தார்? பிள்ளைகளெல்லாம் தம்மைப்போல் கடையில் நிற்கட்டும் என்று சொல்லவில்லை. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். 1956-ல் மதிய உணவும் போடச் செய்தார். கடையில் நின்ற கால் வலி அவருக்குத் தெரிந்திருந்தது.

1953-ல் ராஜாஜியின் சர்க்கார் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது நாடு கொந்தளித்தது. ஒவ்வொரு பிள்ளையையும் அவனவன் குலத் தொழிலிலேயே கட்டிப்போடும் திட்டம் இது என்று எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜ் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ராஜாஜியின் உத்தேசத்தைப் பற்றி இரண்டு கட்சியும் இன்றுவரை வாதாடலாம். நமக்கு அதில் ஒரு பாடம் போதும்: வக்கீல் பிள்ளை தறியில் உட்கார்ந்தால் அது அனுபவம், தறிக்காரர் பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியாவிட்டால் அது விதி.

சட்டம் இதை ஓரளவு அறிந்திருக்கிறது. 1986-ல் இயற்றி, 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. விடுமுறையிலும் பள்ளி நேரத்துக்குப் பிறகும் சொந்தக் குடும்பத்துக்கு அபாயமில்லாத வேலையில் ஒத்தாசை செய்வதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வரை சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழில்கள் ஆகா. மற்ற வேலைகளிலும் மூன்று மணிக்கொரு தடவை ஒரு மணி ஓய்வு, இடைவேளை உள்பட ஆறு மணிக்குமேல் நீளாத நாள், இரவு 7 முதல் காலை 8 வரை வேலையில்லை, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று விதித்திருக்கிறது. இந்த விதிகள் நமக்கு அன்று தெரிந்திருந்தால், பாத்திரக் கடையில் கேட்கவேண்டிய கேள்விகளைத் தாமே கேட்டுக் கொடுத்திருக்கும்.

வகுப்பில் எழுதிய ஒரு கட்டுரை

பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறோம். ஜூன் மாதத்தில், "நான் விடுமுறையைக் கழித்த விதம்" என்று கட்டுரை எழுதச் சொல்வது உபாத்தியாயர்களின் பழைய வழக்கம். ஒரு வருஷம் பையன்கள் கிரிக்கெட்டையும் மாமா ஊரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு பெண் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். அம்மா வேலைக்குப் போய்விடுவதால் சமைத்தாளாம், தண்ணீர் பிடித்தாளாம், தம்பியைக் குளிப்பாட்டினாளாம், ஆட்டுக்குத் தழை ஒடித்தாளாம். கடைசியில், பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் உட்கார முடிந்தது என்று எழுதியிருந்தாள். அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

உழைப்பா, ஓய்வா என்று நாம் கூட்டிய மகாநாட்டில் அந்தப் பெண்ணைப் பற்றி யாராவது பேசினார்களா? இந்தக் கேள்வியே நடுத்தர வீட்டுப் பையனுக்காகப் பிறந்தது. ஏழை வீட்டுப் பையனுக்கு ஓய்வு இல்லை; எந்த வீட்டுப் பெண்ணுக்கும் விடுமுறை இல்லை. நம் வீடுகளில் மே மாதத்தில் வேலைக்காரி ஊருக்குப் போனால், பாத்திரம் தேய்க்கத் தன் மகளை அனுப்பிவிட்டுப் போகிறாள். நாமும், "சமர்த்துக் குழந்தை" என்று புகழ்ந்து இரண்டு முறுக்கைக் கையில் கொடுக்கிறோம். பதினாலு வயது நிரம்பாத குழந்தையை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது 2006 முதல் சட்ட விரோதம். நம் மகன் உறங்கும் அறைக்கு அடுத்த அறையிலேயே அவன் வயதுப் பெண் ஒருத்தி வீடு கூட்டிக்கொண்டிருந்தால், உழைப்பின் மகிமையைப் பற்றி அவனுக்குப் பிரசங்கம் செய்ய நமக்கு யோக்கியதை ஏது?

ஆகவே செய்யவேண்டியது

ஆகவே நமது தீர்ப்பு ஒன்றல்ல, இரண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேலை கொடுங்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறையைத் திருப்பிக் கொடுங்கள்.

வேலை என்றால் கடையைத் தேடி ஓடவேண்டாம். வேலை வீட்டிலேயே கிடக்கிறது. மகனோ, மகளோ, இருவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கலாம். மொட்டை மாடியில் வடாம் பிழியும்போது காக்கை ஓட்டுவதோடு நிறுத்தாமல், மாவு கிளறவும் பையன் கற்றுக்கொள்ளட்டும். பாங்கியிலும் தபாலாபீஸிலும் வரிசையில் நின்று காரியத்தை முடித்துக்கொண்டு வரட்டும். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டட்டும். ஒரு வேளைச் சமையலைத் தானே செய்து, எல்லாருக்கும் பரிமாறி, கடைசியில் தான் உண்ணட்டும். சம்பளத்துக்கு வேலை வேண்டுமென்று பிள்ளையே ஆசைப்பட்டால், பதினாலு வயது நிரம்பியிருக்கட்டும். அந்த நாலு கேள்விகளையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். காலையில் டைப்ரைட்டிங் கற்பதும், 1948-ம் வருஷத்து நூலகச் சட்டத்தின் புண்ணியத்தால் ஊருக்கு ஊர் ஏற்பட்டிருக்கும் கிளை நூலகத்தில் உட்கார்ந்து வேண்டியதைப் படிப்பதும் நன்று. ஆனால் நாளில் பாதியாவது யாரும் எதுவும் விதிக்காத நேரமாக இருக்கட்டும்.

விடுமுறையைத் திருப்பிக் கொடுப்பது கொஞ்சம் கடினம். அதற்குப் பணமும் மனமும் வேண்டும். உங்கள் வீட்டு வேலைக்காரி மே மாதத்தில் ஊருக்குப் போனால் சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்புங்கள். அவள் மகள் வரவேண்டியிராது. உங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு வைத்தியச் செலவு நேர்ந்தால், பையனின் கூலியை ஈடாகக் கேட்காத கடன் ஒன்று நாலு பேர் சேர்ந்தால் கிடைக்கும். கடைக்காரர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். கோடையில் ஒரு பையனை வைத்துக்கொண்டால், மே மாதக் கடைசியில் கணக்குத் தீர்த்து, கையில் பணத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்து, "போய்ப் படி" என்று அனுப்பிவையுங்கள். அந்தப் பையன் உங்களை ஆயுள் பரியந்தம் மறக்கமாட்டான்.

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் மணி அடிக்கிறது. வெயிலில் கறுத்த முகங்களோடு பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். நாம் பட்டியலைத் திறந்து பெயர்களைக் கூப்பிடத் தொடங்குகிறோம். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு கணம் நிறுத்துகிறோம். இப்பொழுதெல்லாம் முதல் நாளே பதில் வராவிட்டால், மூன்றாம் நாள் வரையில் காத்திருப்பதில்லை. அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.